இளவரசி செத்த படமும் பிழைத்த படமும்

கல்யாணத்துக்கு முன்னால் என் அப்பா வருஷத்துக்கு ஒரு தடவை விஷம் குடித்துச் செத்துக்கொண்டிருந்தார். மலேசியாவில், செமோரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில், மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாளன்று, கோயிலுக்கு எதிரே பலகை அடித்துப் போட்ட மேடையில் அது நடக்கும். நாடகத்தின் பெயர் ‘தாழையூர் இளவரசி’. பெண்கள் மேடை ஏறாத காலம். மீசை அரும்பாத வயதில் இளவரசி வேஷம் கட்ட ஆரம்பித்தவர், மீசையை மழித்துக்கொண்டு கட்டவேண்டிய வயது வந்த பிறகும் அதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

நான் அறிந்த அப்பா வேறு. மலையை உடைத்து எடுக்கும் சுண்ணாம்புக் கல்லை லோரியில் ஏற்றிக்கொண்டு ஈப்போவைச் சுற்றி ஓட்டுகிறவர். புந்தோங்கில் எங்கள் வீட்டு வாசலில் நின்று அவர் தொண்டையைச் செருமினால் எதிர்வீட்டு நாய் எழுந்து வேறு பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்த உடம்பு புடவை கட்டி, பூ வைத்து, மயில்போல நடந்தது என்று சொன்னபோது நான் நம்பவில்லை. அத்தைதான் என் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணினாள்.

அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. தாத்தாவும் பாட்டியும் தோட்டத்திலேயே அடுத்தடுத்துப் போய்விட, அப்பாதான் அவளை வளர்த்தார். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்தபோது ஒரு கையில் டிரங்குப் பெட்டி, மறு கையில் தங்கை என்று வந்து இறங்கினாராம். இந்தக் கதை நடந்தபோது எனக்கு இரண்டாம் வகுப்பு. அத்தை ரப்பர் காலணி செய்யும் ஃபேக்டரியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். உடம்பில் பசை வாசனையும் பவுடர் வாசனையும் கலந்து வரும். எனக்கு அந்த வாசனை பிடிக்கும்.

நாடகத்தின் கதை சின்னதுதான். தாழையூர் ராஜாவுக்கு ஒரே தங்கை. உயிரையே வைத்திருக்கிறான். அவளோ அரண்மனைக் குதிரை லாயத்தில் வேலை செய்கிறவன்மேல் மனசு வைத்துவிடுகிறாள். ராஜா அவனைப் பிடித்துச் சிறையில் போடுகிறான். தங்கை சபைக்கு வந்து கெஞ்சுகிறாள், வாதாடுகிறாள், பாடுகிறாள். ஒன்றும் நடக்காமல் போக, சபை நடுவிலேயே விஷத்தைக் குடித்து விழுகிறாள். ராஜா கிரீடத்தைக் கழற்றி அவள் காலடியில் வைக்கிறான். திரை விழுகிறது. தோட்டத்து ஜனம் முழுக்க அழுதுகொண்டே லயத்து வீடுகளுக்குத் திரும்பும்.

அப்பா விழுகிற விதத்துக்குச் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பெயர் இருந்தது. வெட்டின மரம்போல விழமாட்டார். முதலில் முழங்கால், பிறகு ஒரு கை, கடைசியில் தலை. புடவை ஒரு விரல்கடை விலகாது. சின்ன வயதில் முதல் தடவை அதைப் பார்த்த அத்தை, அண்ணன் நிஜமாகவே செத்துப்போய்விட்டான் என்று மேடையில் ஏறி அவரைக் கட்டிக்கொண்டு கதறியிருக்கிறாள். ராஜாவுக்கு அடுத்த வசனம் மறந்துவிட்டது. அப்பா செத்தபடியே, உதடு அசையாமல், “போ தங்கச்சி, பொறவு வாரேன்” என்றாராம்.

இந்த நாடகத்தை எப்போதோ கறுப்பு வெள்ளையில் படமாக எடுத்திருந்தார்கள். நான் இரண்டாம் வகுப்பில் இருந்த வருஷம், திருவிழாவுக்குப் பழைய தோட்டத்தில் அதைப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அப்பா எங்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனார். திடலில் திரை கட்டியிருந்தார்கள். அப்பா முன்வரிசையில் பாய் விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். படம் ஆரம்பித்ததிலிருந்து இளவரசி பேசும்போதெல்லாம் அவர் உதடும் சேர்ந்து அசைந்தது. சில இடங்களில் அவர் முந்திக்கொண்டார்.

படம் நாடகம் மாதிரியேதான் இருந்தது. அதே சபை, அதே தூண்கள், அதே அட்டைச் சிங்காசனம். கேமரா எழுந்து நடந்தால் யாராவது திட்டுவார்கள் என்று பயந்தாற்போல ஒரே இடத்தில் நின்றது. விஷம் குடித்த பிறகு இளவரசி ஒரு முழுப் பாட்டுப் பாடினாள். பாட்டின் நடுவில் நான் தூங்கிப்போனேன். அம்மா எழுப்பியபோது ஜனங்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் வெறும் திரையைப் பார்த்தபடி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும் வழியெல்லாம் அவருக்கு ஒரே சந்தோஷம்.

சில மாதங்கள் கழித்து ஈப்போவில் புதுப் படம் வந்தது. அதே கதை, இந்தக் காலத்துக்கு மாற்றி, கலரில். ராஜா மில் முதலாளியாகியிருந்தார். குதிரைக்காரன் அவருடைய கார்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக். இளவரசி காலேஜில் படிக்கிறாள், கண்ணாடி போட்டிருக்கிறாள். போஸ்டரைப் பார்த்துவிட்டு வந்த அப்பா அன்று சாயங்காலம் சரியாகச் சாப்பிடவில்லை. கண்ணாடி போட்ட இளவரசியை அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அத்தை என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். விளக்கு அணைந்த பிறகு வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மாமா வந்து அத்தைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். நல்ல மனுஷர். கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலம் ஒன்றை அத்தை வழியாக எனக்கு அனுப்பினார். அது தீர்ந்ததும் இன்னொன்று வந்தது.

இந்தப் படத்தில் நான் தூங்கவில்லை. கேமரா மாடிப்படி ஏறியது, காருக்குள் நுழைந்தது, அந்தப் பெண்ணின் கண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அவள் அண்ணனோடு பாட்டில் பேசவில்லை, வீட்டில் பேசுகிற மாதிரி பேசினாள். அவளும் விஷம் குடித்தாள். ஆனால் டெலிபோன் அடித்தது, ஆம்புலன்ஸ் வந்தது, மூக்கில் குழாய் வைத்தார்கள், அவள் கண் விழித்தாள். கடைசியில் பெட்டியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டைவிட்டுப் புறப்படுகிறாள். காவல்காரன் கேட்டைத் திறக்கலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்கிறான். முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்து, ஒன்றும் பேசாமல், கேட்டைத் தானே திறந்துவிடுகிறார். அவ்வளவுதான் படம்.

வெள்ளைச் சட்டை மாமா அந்த இடத்தில் அழுதார். அத்தை தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். விளக்குப் போட்டபோது அவரைக் காணவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டின்போது பெரிய விவாதம் நடந்தது. அப்பா புதுப் படத்தைப் பார்க்காமலே அதைப் பற்றி நிறையப் பேசினார். இளவரசி என்றால் ஒரு கௌரவம் வேண்டும், மூக்கில் குழாய் வைத்துக்கொண்டு படுத்துக் கிடப்பதா என்றார். பழைய படத்தில் அவள் நின்ற இடத்தை விட்டு நகராமல் சாகிறாளே, அதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டும் தெரியுமா என்றார். அத்தை விடவில்லை. பழைய படத்தில் அந்தப் பெண்ணுக்கு அத்தனை பாட்டுக் கொடுத்தவர்கள், உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு இடத்திலாவது அவளைக் கேட்டார்களா என்றாள். புதுப் படத்தில் அவள் சொல்வதைக் கேட்பதற்காகவாவது கேமரா பக்கத்தில் போகிறது என்றாள்.

அம்மா மீன் குழம்பைப் பரிமாறிக்கொண்டே, இரண்டு படத்திலும் ஒரே குறை என்றாள். ராஜாவுக்குப் பொண்டாட்டி எங்கே? முதலாளிக்குத்தான் பொண்டாட்டி எங்கே? வீட்டில் அண்ணி என்று ஒருத்தி இருந்திருந்தால் கதை இடைவேளைக்கு முன்னாலேயே முடிந்திருக்கும் என்றாள். அப்பாகூடச் சிரித்துவிட்டார். பிறகு, கதைக்குக் கனம் வருவதே அவள் சாவதால்தான், அவள் செத்ததால்தான் ராஜா கிரீடத்தைக் கழற்றுகிறான் என்று விளக்கினார்.

அத்தை தட்டைப் பார்த்தபடி கேட்டாள்.

“அண்ணன் திருந்தறதுக்குத் தங்கச்சி சாவணுமா அண்ணே?”

அது கதை என்றார் அப்பா. கதைக்கு அழுகை வேண்டும், பொண்ணு பிழைத்துக்கொண்டால் எவன் அழுவான் என்றார்.

இந்த இடத்தில் என்னிடம் நல்ல ஆதாரம் இருந்தது. நேரில் பார்த்த சாட்சி நான் ஒருத்திதான். வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கிவிட்டு, “பக்கத்துல உக்காந்திருந்த மாமா அழுதாரு. அத்தைதான் கைக்குட்டை குடுத்தாங்க” என்றேன்.

நான் அத்தை பக்கம் பேசியிருக்கிறேன், அவள் என்னைப் பாராட்டுவாள் என்று நினைத்தேன். ஆனால் அம்மாவின் கரண்டி குழம்புச் சட்டியிலேயே நின்றுவிட்டது. அப்பா மெதுவாக, “எந்த மாமா?” என்று கேட்டார். கச்சாங் பூத்தே வாங்கிக் கொடுத்த மாமா என்று தெளிவாகவே சொன்னேன். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார்.

அதற்கப்புறம் வந்த நாட்கள் எனக்கு மிகவும் நல்ல நாட்கள். அத்தை ஃபேக்டரிக்குப் போகவில்லை. வேலைக்குப் போகவேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டதாக அம்மா சொன்னாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அத்தை வீட்டிலேயே இருந்தாள். காலையில் பின்னின சடையை அவிழ்த்துச் சாயங்காலம் மறுபடியும் பின்னிவிட்டாள். ஃபேக்டரிக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறவர்கள் ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பெரியவர்கள் சமையலறையில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டதில் எனக்குக் கேட்டது கொஞ்சம்தான். அந்த மாமா அதே ஃபேக்டரியில் மெஷின் பார்க்கிறவர். சிலிபின் பக்கம் வீடு. கிறிஸ்துவக் குடும்பம். அவருக்கு அப்பா இல்லை. அவருடைய அம்மாவும் ஒரு காலத்தில் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர்தான். அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று அப்பா கேட்கவில்லை. “அவங்க சாமி வேற லா” என்று மட்டும் சொன்னார். சில நாள் கழித்து பாகான் செராயிலிருந்து ஒரு குடும்பம் அத்தையைப் பார்க்க வரப்போவதாகச் சொன்னார்கள். பையன் அரிசி ஆலையில் வேலை. அவர்கள் வருகிறார்கள் என்பதற்காக அம்மா எனக்குப் புதுக் கவுன் ஒன்று தைத்தாள். நான் அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

அந்த ஞாயிறு காலை அத்தையின் அறைக் கதவு திறக்கவில்லை. அம்மா காப்பியோடு போய்த் தட்டினாள். பதில் இல்லை. கொஞ்சம் பலமாகத் தட்டினாள். வாசலில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா துணியைப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். “தங்கச்சி” என்று கூப்பிட்டார். இன்னொரு தடவை கூப்பிட்டார். அவருடைய குரல் அப்படி மெலிந்து நான் கேட்டதே இல்லை. அடுத்த நிமிஷம் தோளால் கதவை இடித்தார். தாழ்ப்பாள் பெயர்ந்து அறைக்குள் போய் விழுந்தது.

அத்தை பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு கை சிமென்டுத் தரையில் நீண்டிருந்தது. அத்தனை சத்தத்துக்கும் அசையவில்லை. அப்பா உள்ளே போகவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அம்மாதான் காப்பியைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் அத்தையைப் புரட்டிக் கன்னத்தில் தட்டினாள்.

அத்தை கண்ணைத் திறந்தாள். முகம் வீங்கியிருந்தது. எங்கள் எல்லாரையும் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். அப்புறம், “என்ன அண்ணே?” என்று கேட்டாள்.

அழுது அழுது தூக்கம் வராமல், அம்மா சளிக்கு வைத்திருந்த மாத்திரையில் இரண்டை விழுங்கிவிட்டுப் படுத்திருக்கிறாள். அவ்வளவுதான். அந்த மாத்திரையைப் போட்டால் அம்மாவே மத்தியானம்வரை எழுந்திருக்க மாட்டாள். ஆனால் அப்பாவின் காலுக்கு இது தெரியவில்லை. முதலில் முழங்கால் மடங்கியது, பிறகு ஒரு கை தரையில் ஊன்றியது. அறை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருந்த அந்த விழுகையை நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான்.

அம்மா அவரைத் தூக்கிவிடவில்லை. அத்தைக்குக் காப்பியைக் கொடுத்துவிட்டு வந்து, அவருக்கு எதிரிலேயே தரையில் உட்கார்ந்தாள்.

“அத்தன வருஷம் தங்கச்சி வேஷம் கட்டுனீங்க. அவ மனசு ஒங்களுக்கே தெரியலன்னா வேற யாருக்குங்க தெரியும்?”

பதிலுக்கு அம்மா காத்திருக்கவில்லை. எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு முனைக் கடைக்குப் போய், பாகான் செராய்க்குப் போன் பண்ணி, பிள்ளைக்குக் காய்ச்சல், இன்றைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். காய்ச்சல் வந்த பிள்ளை நான்தான். புதுக் கவுனைப் போட்டுக்கொண்டு, உடம்பு நன்றாக இருந்தும் வெளியே விளையாடப் போகக்கூடாது என்று என்னை உட்காரவைத்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு மனக்குறை இருந்தது.

மத்தியானம் அந்தக் குறையும் தீர்ந்தது. அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, “பாப்பா, படத்துக்குப் போலாமா?” என்று கேட்டார். காய்ச்சல்காரியை மோட்டார் சைக்கிளின் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு புதுப் படத்துக்குக் கூட்டிப் போனார். நான் ஏற்கெனவே பார்த்ததால் எந்த இடத்தில் என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லி உதவினேன்.

இந்தத் தடவை அவர் உதடு அசையவில்லை. வசனம் எதுவும் அவருக்குத் தெரியாது. அந்தப் பெண் அண்ணனிடம் பேசுகிற காட்சி வந்தபோது முன்னால் சாய்ந்து, காது மந்தமானவர்போல் கேட்டார். ஆஸ்பத்திரியில் அவள் கண்ணை மூடிக் கிடந்தபோது என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். கண்ணைத் திறந்துவிடுவாள் என்று சொன்னேன். திறந்த பிறகும் பிடி தளரவில்லை. முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்து கேட்டைத் திறந்துவிட்டபோது அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். பொண்ணு பிழைத்துக்கொண்டால் எவன் அழுவான் என்று கேட்டவர் இவர்தானா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எல்லாரும் போன பிறகும், கூட்டுகிறவர்கள் துடைப்பத்தோடு வரும்வரை, நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

வெளியே வந்து வாழைப்பழச் சீப்பு ஒன்றும் ஆரஞ்சுப் பழங்களும் வாங்கினார். புந்தோங்குக்குத் திரும்பவேண்டிய இடத்தில் திரும்பாமல் சிலிபின் பக்கம் போனார். சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து வழி கேட்டார். அம்மாவின் கையெழுத்துக் கோணலாக இருக்கும் என்பதால் கடைக்காரர் அதைப் படிக்கக் கொஞ்சம் சிரமப்பட்டார். ஒரு பலகை வீட்டின் முன்னால் நிறுத்தினார். கைலி கட்டி வாசலில் உட்கார்ந்திருந்த மனுஷர் அப்பாவைக் கண்டதும் எழுந்து உள்ளே ஓடி, கால்சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். பார்த்தால் நம்முடைய கச்சாங் பூத்தே மாமா. இவ்வளவு பெரிய ஊரில் இவர் வீட்டுக்கே நாங்கள் வந்து சேர்ந்திருக்கிறோமே என்று எனக்கு ஒரே வியப்பு.

அவருடைய அம்மா எங்களை உட்காரச் சொன்னார். தேத்தண்ணி வந்தது. சுவரில் ஏசுநாதர் படத்துக்குக் கீழே ஒரு சின்ன சிவப்பு விளக்கு எரிந்தது. அது மெழுகுவர்த்தியா பல்பா என்று கண்டுபிடிப்பதில் நான் மும்முரமாக இருந்தேன். அப்பா, வந்த காரியம் இன்னது என்று சொல்லவே இல்லை. இப்போதுதான் படம் பார்த்துவிட்டு வருகிறோம் என்று ஆரம்பித்து, புதுப் படத்தையும் பழைய படத்தையும் வரிசையாக ஒப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். நாடகத்தில் எப்படி, பழைய படத்தில் எப்படி, இதில் எப்படி என்று சபைக் காட்சியை மூன்று விதமாகவும் விளக்கினார். அந்த அம்மாவும் தன் தோட்டத்தில் பழைய படத்தைப் பார்த்து அழுதவராம். மாமா மட்டும் கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுத வந்தவர்போல உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் அந்த அம்மா, இரண்டில் எது நல்ல படம் என்று கேட்டார்.

அப்பா தேத்தண்ணிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “பழைய படந்தாங்க படம். அந்த மாதிரி இனிமே யாராலயும் எடுக்க முடியாது” என்றார். சிவப்பு விளக்கின் பக்கம் திரும்பினார். “ஆனா நம்ம வீட்டுக்குன்னா இந்தப் புதுசு போதுங்க.”

அந்த அம்மா சட்டென்று எழுந்து, பிஸ்கட் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. மாமா எழுந்து நின்று, பிறகு ஏன் எழுந்தோம் என்று தெரியாதவர்போல மறுபடியும் உட்கார்ந்தார். அப்புறம் கோயில், சர்ச், எது முதலில் என்று பெரியவர்களின் பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. நான் அதைக் கவனிக்கவில்லை. அப்பா சொன்ன ஒரே வார்த்தையில் என் மனசு நின்றுவிட்டது. அவர் அந்தப் படத்தை எங்கள் வீட்டுக்கு வரவழைக்கப் போகிறார்.

திரும்பி வரும்போது காற்றில் கத்திக் கேட்டேன். “வீட்ல எப்பப்பா படம்?”

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் வயிறு குலுங்கிச் சிரித்தது என் முதுகில் தெரிந்தது. “தை மாசம்” என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா அப்பாவின் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய் அத்தையிடம் ஏதோ சொன்னாள். அத்தை அழுதாள். எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. வாசலில் செருப்பைப் போட்டபடியே திரும்பி ஓடி, தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு, தை மாதம் எங்கள் வீட்டில் படம் போடப்போகிறார்கள், கலர் படம், எல்லாரும் வரலாம் என்று சொல்லிவைத்தேன். யாரும் டிக்கெட் எடுக்க வேண்டாம் என்றும் சொன்னேன். இந்தப் படத்தில் அந்தப் பொண்ணு சாகமாட்டாள், அதனால் பயப்படாமல் வாருங்கள் என்றேன்.